36 ரூம் லாட்ஜோட ஃபயர் அலாரத்துக்கு ஜோன் பேனல் போதுமா, அட்ரஸபிளுக்கு மாறணுமா? வேலூர்

காந்திரோடு_மேனேஜர் | செவ்வாய் இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜைப் பார்த்துக்கறேன். தரைத்தளம், மேல நாலு மாடி, மாடிக்கு ஒன்பது ரூமா மொத்தம் 36. தங்கறவங்க முக்காவாசிப் பேர் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ்ல இருந்து வைத்தியத்துக்கு வர்றவங்க. பேஷண்ட் ஒருத்தர், கூட ரெண்டு பேர், பத்து நாள், இருபது நாள்னு இருப்பாங்க.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபயர் அலாரம். பேனல்ல ஜோன் 3 சிவப்பு. ஜோன் 3ன்னா ரெண்டாவது மாடி. அவ்வளவுதான் சொல்லுது, எந்த ரூம்னு சொல்ல மாட்டேங்குது. வாட்ச்மேனும் நானும் 201ல இருந்து ஒவ்வொரு கதவா தட்டினோம். தூக்கக் கலக்கத்துல ஒருத்தர் திறக்கறதுக்குள்ள அடுத்தவர் பயந்து கத்தறார். கடைசியில 204. ஒரு அம்மா இண்டக்ஷன் அடுப்பு வெச்சு கடுகெண்ணெயில மீன் வறுத்துட்டு இருந்தாங்க. பையனுக்கு மறுநாள் ஆபரேஷன், சாப்பாடு இறங்கலைன்னு அழுதாங்க. என்ன சொல்றது? ஜன்னலைத் திறந்து விட்டுட்டு வந்துட்டேன்.

ஓனர்கிட்ட சொன்னேன். பேனல் ஆளைக் கூப்பிட்டார். அவர் வந்து, "இது ஜோனை மட்டும் காட்டற பழைய கன்வென்ஷனல், தூக்கிப் போட்டுட்டு அட்ரஸபிள் போடுங்க, ரூம் நம்பரையே எழுத்துல காட்டும்"னு கொட்டேஷன் கொடுத்தார். ஓனர் அதைப் பார்த்துட்டு மேசை மேல கவுத்து வெச்சுட்டார். 36 ரூமுக்கு அது அவசியமா?

ஆம்பூர்_ஒயர்மேன் | செவ்வாய் இரவு 11:58

அண்ணே, அவசியம் இல்ல. ஒவ்வொரு ரூம் கதவுக்கு மேலயும் ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர்னு ஒரு சின்ன சிவப்பு லைட் வைப்பாங்க. உள்ள புகையைப் பிடிக்கற டிடெக்டர் அடிச்சா வெளியே லைட் எரியும். வராண்டா முனையில நின்னாலே எந்த ரூம்னு தெரிஞ்சிடும். டிடெக்டரைத் திருகி மாட்டற பேஸ்ல அதுக்குன்னே ஒரு டெர்மினல் இருக்கு. கதவு மேல சுவத்துல ஒரு ஓட்டை, ரெண்டு ஒயர், அவ்வளவுதான் வேலை. உங்க லாட்ஜ்ல அது இல்லையா?

காந்திரோடு_மேனேஜர் | புதன் காலை 7:15

இப்பதான் மேல போய்ப் பார்த்துட்டு வந்தேன் தம்பி. முதல் மாடியில ஒன்பது ரூமுக்கும் இருக்கு. ரெண்டாவது மாடியில இருந்து மேல, வெள்ளை பிளாங்க் பிளேட் போட்டு மூடி வெச்சிருக்காங்க. இன்ஸ்பெக்ஷன் முதல் மாடியோட நின்னிருக்கும் போல.

ஸ்மோக்_டு_ஸ்கிரீன் | புதன் காலை 9:02

நான் சென்னையில இந்த ஃபீல்டுலதான் இருக்கேன். விக்கறவன்னு நினைச்சாலும் பரவாயில்ல, சொல்றதைச் சொல்லிடறேன். கன்வென்ஷனல்ல ஒரு ஜோன்ல ஒரு டிடெக்டர் அடிச்சு லாட்ச் ஆயிட்டா, அதாவது அப்படியே நின்னுட்டா, அதே ஜோன்ல ரெண்டாவது ஒண்ணு அடிச்சாலும் பேனலுக்குத் தெரியாது. லைன் வோல்டேஜ் ஏற்கனவே இறங்கியாச்சு. தீ 204ல ஆரம்பிச்சு 206க்குப் பரவுதான்னு பேனலைப் பார்த்து சொல்லவே முடியாது. அட்ரஸபிள்ல ஒவ்வொண்ணும் தனித்தனியா பேசும், அழுக்கேறினாலும் முன்கூட்டியே சொல்லும். உங்க லாட்ஜ்ல இருக்கறது நடக்க முடியாத பேஷண்டுங்க. யோசிங்க.

ஆரணிக்காரன் | புதன் காலை 9:30

இன்னாபா, காலைல கடை திறந்துனு கீது. மேனேஜர் சார், மொதல்ல இருக்கறது வேலை செய்யுதான்னு பாருங்க. அப்புறம் புதுசு வாங்கலாம்.

பழைய_பேனல் | புதன் மதியம் 1:20

ஆரணித் தம்பி சொன்னதுதான் சரியான கேள்வி. இந்த வேலையில நான் 26 வருஷம் ஓட்டியாச்சு. வட ஆற்காடு ஒரே ஜில்லாவா இருந்தப்ப ராணிப்பேட்டை தோல் ஷாப்புகள்ல கத்துக்கிட்டு, இப்ப வீட்ல உட்கார்ந்து இதைப் படிச்சிட்டு இருக்கேன். வருஷக் கணக்கு இடிக்குதேன்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், 89ல ஜில்லாவைப் பிரிச்சப்ப நான் ஹெல்பர்.

மேனேஜர் தம்பி, பேனல் கதவைத் திறந்து ஒண்ணு மட்டும் பாருங்க. சாவி ரிசப்ஷன் டிராயர்ல இருக்கும். உள்ள கீழ் வரிசையில ஜோன் 1, ஜோன் 2ன்னு ஸ்க்ரூ டெர்மினல் இருக்கும், ஜோனுக்கு ரெண்டு ஒயர். அந்த ஸ்க்ரூவுல ஒயரோட சேர்த்து, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெருசா, கலர் கோடு போட்ட ரெசிஸ்டர் ஏதாவது மாட்டியிருக்கா? இருந்தா எந்தெந்த ஜோன்ல, என்ன கலர்? எதையும் கழட்டாதீங்க, பார்த்து மட்டும் சொல்லுங்க.

காந்திரோடு_மேனேஜர் | புதன் மாலை 4:45

ஐயா, பார்த்தேன். போட்டோ எடுத்துப் பெருசாக்கியும் பார்த்தேன். ஜோன் 1, 2ல ஒயர் மட்டும்தான். ஜோன் 3, 4, 5, 6ல ஒயரோட ஒரு ரெசிஸ்டர் சேர்ந்து முறுக்கி இருக்கு. நீலம், சாம்பல், சிவப்பு, அப்புறம் தங்கக் கலர். 7லயும் 8லயும் ஒயரே இல்ல, அதே ரெசிஸ்டர் மட்டும். பேனல்ல பச்சை லைட் எரியுது, ஃபால்ட் எதுவும் இல்ல. இது நல்லதா கெட்டதா?

பழைய_பேனல் | புதன் இரவு 8:10

நீலம் சாம்பல் சிவப்புன்னா 6.8 கிலோ ஓம். 7, 8ல இருக்கறது சரி. காலி ஜோனுக்கு அப்படித்தான் வைக்கணும், இல்லைன்னா ஃபால்ட் காட்டும். 3ல இருந்து 6 வரைக்கும் இருக்கறது அயோக்கியத்தனம்.

எப்படின்னு சொல்றேன். பேனல் 24 வோல்ட்டை ரெண்டு ஒயர்ல அனுப்புது. ஒயர் முதல் டிடெக்டர் பேஸுக்குள்ள போய், வெளியே வந்து, அடுத்த பேஸுக்குப் போய், இப்படியே கடைசி பேஸ்வரைக்கும் போகும். கடைசிப் பேஸ்ல இந்த ரெசிஸ்டர். அதனாலதான் அதுக்கு எண்ட் ஆஃப் லைன்னு பேர். எப்பவும் ஒரு மூணரை மில்லி ஆம்பியர் அது வழியா ஓடிட்டே இருக்கும். அந்த ஓட்டம் வர்றவரைக்கும் பேனல் "லைன் முழுசா இருக்கு"ன்னு நம்பும். நடுவுல எங்க ஒயர் அறுந்தாலும், யாராவது டிடெக்டரைத் திருகிக் கழட்டினாலும் ஓட்டம் நின்னுடும், மஞ்சள் ஃபால்ட் லைட் வரும், பஸ்ஸர் கத்தும். டிடெக்டர் புகையைப் பார்த்தா ரெண்டு ஒயருக்கு நடுவுல தானே ஒரு பாரமா உட்கார்ந்துக்கும், கரண்ட் பல மடங்கு ஏறும், அதுதான் ஃபயர். இதுல மந்திரம் எதுவும் இல்ல. ஒயர்ல எவ்வளவு ஓடுதுன்னு பார்க்கற எலக்ட்ரிக் தராசு, அவ்வளவுதான்.

ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளயே மாட்டிட்டா? ஓட்டம் பேனல் வாசல்லயே திரும்பிடும். மாடியில ஒயரே இல்லைன்னாலும் பச்சை எரியும். ஃபால்ட் எங்கன்னு தேட சோம்பேறித்தனப்பட்டவன், பில் வாங்கிட்டுப் போகணும்னு அவசரப்பட்டவன் பண்ற வேலை இது.

நாளைக்குப் பகல்ல ஜோன் 3ல கடைசி ரூம் டிடெக்டரை இடப்பக்கமா திருகிக் கழட்டுங்க. சில செகண்ட்ல ஃபால்ட் வரணும். வராது, பாருங்க.

பாகாயம்_ஹாஸ்டல் | புதன் இரவு 9:05

நடுவுல புகுறேன், மன்னிக்கணும். நான் நர்சிங் படிக்கற பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல் நடத்தறேன், 4 ஜோன் பேனல். இதைப் படிச்சிட்டு பயந்து போய்ப் பார்த்தேன், ரெசிஸ்டர் பேனல்ல இல்ல, நிம்மதி. ஆனா சும்மா இருக்காம மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிப் பார்த்தேன். மூணே நிமிஷத்துல பேனல் அணைஞ்சிடுச்சு. உள்ள ரெண்டு கறுப்பு பேட்டரி இருக்கு, ஒண்ணு வயிறு உப்பி இருக்கு. அது ஒண்ணை மட்டும் மாத்தினா போதுமா?

ஆம்பூர்_ஒயர்மேன் | புதன் இரவு 9:22

அக்கா, ரெண்டையும் மாத்துங்க. 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர், ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாசத்துல தயாரானது. சீரீஸ்ல இருக்கறதால பழசு ஒண்ணு புதுசையும் இழுத்துட்டுப் போயிடும். பேனல் எங்க மாட்டியிருக்கு?

பாகாயம்_ஹாஸ்டல் | புதன் இரவு 9:25

மாடிப்படிக்குக் கீழ, இன்வெர்ட்டர் பக்கத்துல. மேல மேற்கு வெயில் அடிக்கற சுவர்.

ஆம்பூர்_ஒயர்மேன் | புதன் இரவு 9:40

அதான். இந்த பேட்டரிக்கு ஆயுசு சொல்றதெல்லாம் 25 டிகிரிக்கு. ஒவ்வொரு 10 டிகிரி ஏற ஏற பாதி பாதியா குறையும். நம்ம ஊர்ல சித்திரை வெயில் சுவர்ல அடிக்கற இடத்துல, இன்வெர்ட்டர் சூட்டுல மாட்டினா எங்க நிக்கும்? பேனலை எதிர் சுவத்துக்கு மாத்துங்க.

7 ஆம்பியர் அவர் போதுமான்னா, கணக்கு இப்படி. மெயின்ஸ் போனா 24 மணி நேரம் பேனல் சும்மா நிக்கணும், அப்புறம் அரை மணி ஹூட்டர், அதாவது சைரன், அடிக்கணும். உங்க பேனலும் டிடெக்டர்களும் சேர்த்து 150 மில்லி ஆம்பியர்னு வெச்சா 24 மணிக்கு 3.6. ஹூட்டரெல்லாம் சேர்ந்து ஒரு ஆம்பியர்னா அரை மணிக்கு 0.5. கூட்டினா 4.1. பழசாகறதுக்கு கால் பங்கு சேர்த்தா 5.1. அதனால 7 சரி.

காட்பாடி_ஜங்ஷன் | புதன் இரவு 10:11

வேலூரை வெயிலூர்னு சொல்றதுக்கு இப்ப எலக்ட்ரிக்கல் ஆதாரமும் கிடைச்சாச்சு.

காந்திரோடு_மேனேஜர் | வியாழன் மதியம் 2:30

பழைய பேனல் ஐயா, நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு. 209 டிடெக்டரைக் கழட்டினேன். கீழ வந்து பார்த்தா பச்சை எரிஞ்சிட்டே இருக்கு. அஞ்சு நிமிஷம் நின்னேன், ஒண்ணும் இல்ல. வயித்துல என்னமோ பண்ணுச்சு.

அப்புறம் ஆம்பூர் தம்பி போன்லயே கைடு பண்ணினார். டிடெக்டர்ல சிவப்புப் பொட்டு சில செகண்டுக்கு ஒரு தடவை கண் சிமிட்டுதான்னு ரூம் ரூமா பார்த்தேன். 201ல இருந்து 206 வரைக்கும் சிமிட்டுது. 207, 208, 209ல இல்ல. எங்க எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தார். 206 பேஸ்ல 20 வோல்ட் சொச்சம். 207ல பூஜ்யம்.

206க்கும் 207க்கும் நடுவுல வராண்டா ஃபால்ஸ் சீலிங் பலகை ஒண்ணைத் தூக்கினோம். ஏசி குழாய் போறதுக்கு வழி பண்ணும்போது ஒயரை வெட்டியிருக்காங்க. வெட்டின ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு பார்த்துட்டு தொங்குது, ஒரு பக்கம் எலி கடிச்ச தடம். ஏசி போட்டது ரெண்டு வருஷம் முன்னாடி. ரெண்டு வருஷமா மூணு ரூம் எதுலயும் சேர்த்தி இல்லாம இருந்திருக்கு. போன வாரம் 207ல ஆக்சிஜன் சிலிண்டரோட ஒரு தாத்தா இருந்தார்.

ஸ்மோக்_டு_ஸ்கிரீன் | வியாழன் மதியம் 3:05

வாபஸ் வாங்கிக்கறேன். இதுக்கு மேல அட்ரஸபிள் போட்டாலும் அதே ஆள் அதே வேலையை வேற மாதிரி பண்ணியிருப்பான். அதுல டிடெக்டரை ஆஃப் பண்ண டிஸேபிள்னு ஒரு மெனு இருக்கு, ஒரு பாஸ்வேர்டு போதும்.

பழைய_பேனல் | வியாழன் மாலை 6:30

ஒயரைச் சேர்க்கும்போது முறுக்கி டேப் சுத்த விடாதீங்க. ஜங்ஷன் பாக்ஸ் வெச்சு கனெக்டர் போடச் சொல்லுங்க. 230 வோல்ட் லைனோட ஒரே பைப்புல போகக் கூடாது. அப்புறம் அந்த 6.8 ரெசிஸ்டரை பேனல்ல இருந்து எடுத்து 209 பேஸ்ல கொண்டுபோய் மாட்டுங்க. 4, 5, 6க்கும் அதே. மாட்டினதும் ஃபால்ட் ஃபால்ட்டா வரும், பயப்படாதீங்க. அது இத்தனை நாள் உங்ககிட்ட மறைச்ச கணக்கு.

இன்னொண்ணு. எவனாவது நடுவுல ஒரு பேஸ்ல இருந்து கிளையா ஒயர் இழுத்து பக்கத்து ஸ்டோர் ரூமுக்குக் கொடுத்திருந்தா, கடைசில ரெசிஸ்டர் இருந்தாலும் அந்தக் கிளை அறுந்தா தெரியாது. உள்ள வந்து வெளியே போற மாதிரிதான் எல்லா பேஸும் இருக்கணும்.

கால் பாயிண்ட், அதாங்க கண்ணாடி உடைக்கிற சிவப்பு டப்பா, எங்க இருக்கு? ஜோன் 6ல என்னென்ன?

காந்திரோடு_மேனேஜர் | வியாழன் இரவு 9:50

ஒவ்வொரு மாடியிலயும் படிக்கட்டு வாசல்ல ஒண்ணு. எலக்ட்ரீஷியன் பார்த்ததுல, அதது அந்தந்த மாடி ஜோன் ஒயர்லயே கடைசியில, 9ஆம் நம்பர் ரூமுக்கு அப்புறம் வருதாம். ஜோன் 6ல மொட்டை மாடி கிச்சனும் கீழ பின்பக்கம் ஜெனரேட்டர் ரூமும்.

ஓய்வு_101 | வியாழன் இரவு 10:30

தீயணைப்புத் துறையில இருந்து ஓய்வு பெற்றவன். இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். மேல இருக்கறதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கல.

மொட்டை மாடிக்கும் தரைத்தளப் பின்பக்கத்துக்கும் ஒரே ஜோன்! நடு ராத்திரி ஜோன் 6 எரிஞ்சா வாட்ச்மேன் மேல ஓடுவானா கீழ ஓடுவானா? ஜோன் பிரிக்கறது ஒயர் எது கிட்டக்க இருக்குன்னு பார்த்து இல்ல சார், ஓடிப் போய்ப் பார்க்கறவன் காலைப் பார்த்து. பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 5839ல ஒரு ஜோன் 2000 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு இருக்கு. அதைவிட முக்கியமா, ஜோனுக்குள்ள நுழைஞ்சதுல இருந்து தீ கண்ணுல படற வரைக்கும் நடை 60 மீட்டருக்குள்ள இருக்கணும். நம்ம ஊர் இந்தியன் ஸ்டாண்டர்ட், ஐ.எஸ். 2189ம் இதே குடும்பம்தான். 7, 8 ரெண்டும் காலியாத்தானே இருக்கு? ஜெனரேட்டர் ரூமை 7க்கு மாத்துங்க.

8ல எல்லா மாடி கால் பாயிண்டையும் ஒண்ணா போடுங்க. படிக்கட்டு மட்டும் மாடி தாண்டிப் போற ஜோனா இருக்கலாம். ஏன்னா இப்ப இருக்கற மாதிரி டிடெக்டருக்கு அப்புறம் கால் பாயிண்ட் இருந்தா, யாராவது ஒரு ரூம்ல டிடெக்டரைக் கழட்டினா அந்த மாடி கால் பாயிண்டும் சேர்ந்து செத்துடும். பெயிண்ட் அடிக்கறவன் கழட்டி ஜன்னல் மேல வெச்சுட்டு சாப்பிடப் போயிருப்பான், ஒருத்தர் கண்ணாடியை உடைச்சு அழுத்துவார், மணி அடிக்காது.

லிஃப்ட் இருக்கா?

காந்திரோடு_மேனேஜர் | வியாழன் இரவு 10:41

இருக்கு சார், ஒண்ணு. பேஷண்டுங்க எல்லாரும் அதுலதான்.

ஓய்வு_101 | வியாழன் இரவு 11:00

பேனல்ல ஃபயர் ரிலேன்னு, அலாரம் வந்தா தானா மாறற ஸ்விட்ச் மாதிரி ஒரு காண்டாக்ட் இருக்கும். அதை லிஃப்ட் கண்ட்ரோலருக்குக் கொடுத்தா, அலாரம் வந்ததும் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்துட்டு நிக்கும். லிஃப்ட் கம்பெனி ஆளும் பேனல் ஆளும் ஒரே நாள்ல வந்து சேர்ந்து செய்யணும், இல்லைன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுட்டே இருப்பாங்க. 2024 டிசம்பர் 12, திண்டுக்கல் ஆஸ்பத்திரித் தீயில லிஃப்டுக்குள்ள மாட்டித்தான் ஆறு பேர் போனாங்க. லிஃப்ட் வேலையைத் தள்ளிப் போடாதீங்க.

ஆரணிக்காரன் | வெள்ளி காலை 8:15

மீன் வறுக்கற அம்மாவுக்கு இன்னா பதில்? மறுபடி ஒரு வாரத்துல அடிக்கும், வாட்ச்மேன் ஜோனை ஐசொலேட், அதாவது ஆஃப், பண்ணிட்டு தூங்குவான். எங்க கல்யாண மண்டபத்துல ஹோமப் புகைக்கு அடிச்சுது. ஹூட்டருக்குள்ள துணியைத் திணிச்சு வெச்சானுங்க. எடுக்க மறந்து ஒரு வருஷம் ஆச்சு, போன மாசம்தான் கண்ணுல பட்டுது.

ஆம்பூர்_ஒயர்மேன் | வெள்ளி காலை 10:40

நல்ல கேள்விண்ணா. ரூம்ல புகை டிடெக்டரை எடுத்துட்டு ஹீட் டிடெக்டர் போடலாமேன்னு சில பேர் சொல்வாங்க. படுக்கற ரூம்ல அது கூடாது. மெத்தை புகைஞ்சு மூச்சு முட்டற வரைக்கும் ஹீட் டிடெக்டருக்கு ஒண்ணும் தெரியாது. சமைக்க ஒரு இடம் கொடுங்க, அதான் வழி. மொட்டை மாடி கிச்சன் இருக்கே, அதையே விருந்தாளிங்களுக்கும் திறந்து விடுங்க. அங்க ஹீட் டிடெக்டர். ஆனா கூரை ஷீட்டா இருந்தா 57 டிகிரி வகை வேணாம். மே மாசம் ஷீட்டுக்கு அடியில காத்தே அந்தக் கிட்ட போயிடும். 77, 78 டிகிரி வகையைக் கேளுங்க.

பூஜை ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் இதுக்கெல்லாம் கூட அடிக்கும், சின்னப் பூச்சி உள்ள போனாலும் அடிக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டி சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

காந்திரோடு_மேனேஜர் | அடுத்த புதன் இரவு 10:20

அப்டேட். ஜோன் 3 சரி பண்ணியாச்சு. ஜோன் 4ல ரெசிஸ்டரைக் கடைசிக்கு மாத்தினதும் ஃபால்ட் வந்துது. 305ல டிடெக்டரே இல்ல, வெறும் பேஸ் மேல வெள்ளை டப்பா மூடி ஒட்டியிருந்தாங்க. ஜோன் 5 ஒழுங்கா இருந்துது, அங்க எதுக்கு பேனல்ல ரெசிஸ்டர் வெச்சான்னு யாருக்கும் புரியல. ஜெனரேட்டர் ரூம் 7க்குப் போயாச்சு. கால் பாயிண்டுக்குத் தனி ஒயர் இழுத்துட்டு இருக்காங்க, இன்னும் ரெண்டு மாடி பாக்கி.

இன்னிக்கு மதியம் ஹூட்டர் டெஸ்ட். ரிசப்ஷன்ல இருக்கற பையன் மால்டாக்காரன், வங்காளியில எழுதி ஒவ்வொரு கதவுலயும் ஒட்டினான்: மூணு மணிக்கு மணி அடிக்கும், பயப்பட வேண்டாம், லிஃப்டைத் தொடாதீங்க, படிக்கட்டு வழியா வாங்க. 207ல ஸ்மோக் ஸ்ப்ரே அடிச்சோம். நான் கீழ நின்னேன். ஏழு செகண்ட் எண்ணினேன், ஜோன் 3 சிவப்பு.

மீன் வறுத்த அம்மா படியில இறங்கி வந்து எங்கிட்ட சிரிச்சாங்க. பையனுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது.

இண்டிகேட்டர் லைட்டுக்கு ஓனர் ரெண்டாவது மாடிக்கு மட்டும் சரின்னிருக்கார். மூணாவது, நாலாவது மாடி அடுத்த வருஷமாம். யாராவது பேசிப் பார்க்கறீங்களா?

பழைய_பேனல் | அடுத்த புதன் இரவு 10:48

நம்பரை இன்பாக்ஸ்ல அனுப்புங்க தம்பி.